கிழித்துப் படித்த கதை

அந்தப் புத்தகத்தைக் கிழித்தது நான்தான். எலி கடிக்கவில்லை, மழையில் நனைந்து பிரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை டீ குடித்துவிட்டு, தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்து, முதுகுப் பக்கத்துப் பசையைப் பிளேடால் கீறி, நிதானமாகக் கிழித்தேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் சிட்லபாக்கத்தில் அன்றைக்கு நடந்ததை வீட்டில் ஆளுக்கொரு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். மகள் சொல்வது ஒன்று. மகன் அங்கே வராமலே இட்டுக்கட்டிச் சொல்வது இன்னொன்று. உங்கள் அம்மா இரண்டையும் கேட்டுச் சிரிக்கிறாள். யாருக்கு நடந்ததோ அவனும் ஒரு தடவை சொல்ல வேண்டாமா?

மகனே, நீ கேட்டாய்: "அப்படி என்னத்தப்பா கிழிச்சீங்க அங்க?" பதினொரு கதை கிழித்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

மகளே, கூட்டம் முடிந்து ஸ்கூட்டியில் திரும்பும்போது நீ சொன்னாய்: "இனிமே அங்க போகாதீங்கப்பா. வீட்லயே படிங்க, யாரு வேணாங்கறா?" நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. பதில் எழுத்தில் இருக்கட்டும்.

நான் பத்தாவது வரைக்கும் போனவன். கணக்கில் தவறி, திரும்ப எழுதவில்லை. பம்மலில் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. வீட்டு மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோனால் எங்களிடம் வரும். எரிந்த செம்புக் கம்பியை வெட்டி எடுத்துப் புதுக் கம்பி சுற்றுவோம். பிறகு வார்னிஷில் நனைத்து, இரண்டு பெரிய பல்பு எரியும் தகரப் பெட்டிக்குள் காயவைப்போம். வெட்டுவதற்கு முன்னால் பழைய காயிலில் எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ள வேண்டும். சுற்று குறைந்தால் மோட்டார் சூடாகும், கூடினால் இழுக்காது. எனக்குத் தெரிந்த படிப்பு இதுதான்.

கதை படிக்க ஆரம்பித்ததும் அந்தப் பட்டறையில்தான். யாரோ ஒருவர் மோட்டாரைக் கழற்றி, திருகுகளை ஒரு மாதப் பத்திரிகைத் தாளில் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்தார். திருகைக் கொட்டிவிட்டுத் தாளைப் பார்த்தால் அரைக் கதை. தண்ணீர் லாரி வரும் தெரு. இரண்டு பெண்கள் ஒரே குடத்துக்குச் சண்டை போடுகிறார்கள். குடம் யாருடையது என்று தெரிவதற்கு முன்னால் தாள் முடிந்துவிட்டது. மூன்று நாள் எனக்கு வேலையே ஓடவில்லை. அந்தத் தெரு நம் தெரு மாதிரியே இருந்தது. லாரிக்காரன் பைப்பை விடாமல் ஃபோன் பேசிக்கொண்டிருந்ததுகூட அப்படியே. நம் தெருவை ஒருத்தர் உட்கார்ந்து எழுதுவார், அதை அச்சடிப்பார்கள் என்பது முப்பத்தெட்டு வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. மோட்டாரைத் திரும்ப வாங்க வந்தவரிடம், "சார், அந்தப் புக்கு மிச்சம் இருக்குங்களா?" என்று கேட்டேன். பழைய பேப்பர்காரருக்குப் போட்டாயிற்று என்றார். அந்தக் குடம் யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு சிறுகதைத் தொகுப்பாகத் தேடி வாங்க ஆரம்பித்தேன். நாவல் எனக்கு ஒத்துவரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எடுத்தால் ஒரு சிறுகதை முடியும். முடிந்ததும் மத்தியானம் முழுக்க அதைத் தலைக்குள் வைத்துக்கொண்டே கம்பி சுற்றலாம்.

ஒரு நாள் கெட்டியான தொகுப்பு ஒன்று பெஞ்சிலிருந்து நழுவி வார்னிஷ் தட்டில் விழுந்தது. முதலாளி கத்தின கத்தல் பக்கத்து வெல்டிங் கடை வரைக்கும் கேட்டிருக்கும். "இன்னாபா இது, பட்டறையா லைப்ரரியா? பாக்கெட்ல இன்னா வேணா வெச்சிக்க. பெஞ்சு மேல பொஸ்தகம் கீதுன்னு பாத்தேன், தூக்கிக் கடாசிருவேன்!"

பாக்கெட்டில் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளச் சொன்னார் அல்லவா? சரி என்று அடுத்த ஞாயிறு பிளேடை எடுத்தேன். ஒரு புத்தகத்தில் பத்துக் கதை இருந்தால் பத்துக் கட்டு. ஒவ்வொன்றையும் ஸ்டேப்லர் அடித்து, நடுவில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தால் சரியாக நிற்கும். படித்து முடித்த கட்டுகளையெல்லாம் உங்கள் பள்ளிச் சட்டை வந்த அட்டைப் பெட்டியில் அடுக்கி, மேலே புத்தகத்தின் அட்டையை ஒட்டிவிடுவேன். உங்கள் அம்மா முதலில் பார்த்துவிட்டு, "புஸ்தகத்தப் பொட்டலமா கட்றீங்களே, பார்சலா?" என்றாள். ஆமாம், பார்சல்தான்.

இதில் ஒரே ஒரு சிக்கல் உண்டு. சில புத்தகங்களில் ஒரு கதை ஒரு தாளின் முன்பக்கத்தில் முடியும். அதே தாளின் பின்பக்கத்தில் அடுத்த கதை தொடங்கிவிடும். அந்தத் தாளை எந்தக் கதையோடு சேர்ப்பது? அதற்கும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். தாளை அடுத்த கதையோடு சேர்த்துவிட்டு, முன்பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து முந்தைய கதையின் கடைசியில் வைத்து ஸ்டேப்லர் அடிப்பேன். எட்டு வருஷத்தில் ஒரு தடவை தவிரத் தவறியதில்லை. அந்த ஒரு தடவையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

சிட்லபாக்கத்தில் ஏரிப் பக்கம் ஒரு காலனி சங்கக் கட்டடத்தின் மாடியில் வாசகர் வட்டம் நடக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு, நாலு மணி. இருபது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மைக், பிஸ்கட், டீ. செயலாளர் பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர், கடிகாரம் பார்த்துக்கொண்டே இருப்பார். அப்புறம் ஒரு பேராசிரியர். கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். நிறையப் படித்தவர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எந்தப் புதுப் புத்தகத்தைப் பேசினாலும் கடைசியில் எழுந்து ஒரே பாட்டைத்தான் பாடுவார்: "இப்போது எழுதுகிறவர்களிடம் சொல்வதற்கும் ஒன்றுமில்லை, சொல்லும் மொழியும் இல்லை. கதை என்பது அந்தத் தலைமுறையோடு முடிந்தது."

ஒன்றரை வருஷம் கடைசி வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்டேன். கேட்கும்போதெல்லாம் என் கை சட்டைப் பைக்குப் போகும். முடிந்துவிட்டதென்றால் நான் சட்டைப் பையில் வைத்திருப்பது என்ன? இப்போது எழுதுகிறவர்கள் யார் தெரியுமா பிள்ளைகளே? நம்மோடு அதே ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள். ஒருத்தர் பள்ளிக்கூட வாத்தியார். ஒருத்தர் மருந்துக் கம்பெனிக்குப் பை தூக்குகிறவர். லீவு நாளில் துணியைத் துவைத்துப் போட்டுவிட்டு எழுதுகிறார்கள். யாரும் மாலை போடுவதில்லை. ஐந்நூறு பிரதி அச்சடித்தால் முந்நூறு வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் என்று ஒருத்தர் எங்கள் வட்டத்திலேயே சிரித்துக்கொண்டு சொன்னார். ஆனாலும் அடுத்த கதையை எழுதுகிறார்கள். வெள்ளம் வந்த வருஷம் முடிச்சூரில் நாம் ஃபிரிட்ஜைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோமே, அதே மாதிரி ஒரு வீடு ஒரு கதையில் வருகிறது. தண்ணீர் வடிந்த பிறகு சேறோடு மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒருத்தன் பட்டறை வாசலில் நிற்பதுகூட வருகிறது. ஐயா படித்த பழைய கதைகள் பெரியவைதான், நானும் சிலது படித்திருக்கிறேன், கும்பிடுகிறேன். ஆனால் நான் தூக்கின ஃபிரிட்ஜை எழுதியவர் இப்போது உயிரோடு இருக்கிறவர். அவரை ஒன்றுமில்லை என்று சொன்னால் நான் ஏன் சும்மா இருக்க வேண்டும்?

ஒரு மாதம் செயலாளரிடம் போய், "சார், நான் ஒரு கதை பேசறேன்" என்று கேட்டேன். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அடுத்த மாசம் எழுத்தாளரே வர்றாங்க. பத்து நிமிஷம், ஒரே கதை. அதுக்கு மேல பெல் அடிச்சிருவேன்" என்றார்.

அந்த எழுத்தாளர் ஒரு பெண்மணி, வண்டலூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் கவுண்டரில் வேலை பார்க்கிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய முதல் தொகுப்பு. பதினொரு கதை, பதினொரு கட்டாகப் பிரித்தேன். அதில் ஒரு தாள் இரண்டு கதைக்கும் பொதுவாக வந்தது. ஜெராக்ஸ் கடைக்குப் போனால், "மெஷின் ரிப்பேர்ணா, நாளைக்கு வாங்க" என்றார்கள். தாளை வழக்கம்போல அடுத்த கதைக் கட்டில் வைத்து ஸ்டேப்லர் அடித்தேன். நாளைக்கு என்பது மறந்துபோயிற்று.

நான் பேச எடுத்த கதையைச் சொல்கிறேன். பெருங்களத்தூரில் ஒரு வாடகை வீடு, புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். அவனுக்கு ராத்திரி ஷிஃப்ட், அவளுக்குத் துணிக்கடையில் பகல் முழுக்க நின்றுகொண்டே வேலை. சண்டை போட்டுப் பதினொரு நாளாகப் பேச்சு இல்லை. வீட்டுக்கு ஒரே சாவி. வெளியே போகிறவர் செம்பருத்தித் தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். கதை முழுக்க அந்தச் சாவிதான். முதல் நாள் அவன் அதை மண்ணில் எறிந்துவிட்டுப் போகிறான். நாலாம் நாள் ஒழுங்காக வைக்கிறான். ஏழாம் நாள் மண்ணைத் துடைத்து வைத்திருக்கிறான். பத்தாம் நாள் பேப்பரை மடித்து அதன்மேல் வைத்திருக்கிறான். கோபம் குறைந்தது என்று எழுத்தாளர் அம்மா ஓரிடத்தில்கூட எழுதவில்லை. சாவி மட்டும் சுத்தமாகிக்கொண்டே வருகிறது. பன்னிரண்டாம் நாள் அவள் வேலை முடிந்து வந்து தொட்டிக்கு அடியில் கைவிட்டுப் பார்க்கிறாள். சாவி இல்லை. 'விரலில் ஈர மண் மட்டும் பட்டது.' பக்கத்தின் கடைசி வரி. முற்றுப்புள்ளி.

தகரப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து அந்த வரியைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. சாவி இல்லையென்றால் அவன் உள்ளேதான் இருக்கிறான்! லீவு போட்டுவிட்டுக் காத்திருக்கிறான்! கதவு திறந்திருக்கும், தள்ளினால் போதும். அதை எழுதாமல் நிறுத்தினாரே, எப்பேர்ப்பட்ட கை என்று நினைத்தேன்.

கூட்டத்தன்று மழை. மகளே, நீ என்னை இறக்கிவிட்டுப் போவதாகத்தான் வந்தாய். மழை விடவில்லை என்று மேலே வந்து கடைசி நாற்காலியில் ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழுத்தாளர் டியூட்டி முடிந்து சாப்பாட்டுப் பையோடு அரை மணி தாமதமாக வந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனேன், பேச்சு வந்தது. சாவி நாளுக்கு நாள் சுத்தமாவதைச் சொன்னேன். எல்லாரும் கேட்டார்கள். எழுத்தாளர் நாற்காலி நுனிக்கு நகர்ந்து கேட்டார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"நான் மோட்டார் காயில் கட்றவங்க. ஒரு சுத்து குறைஞ்சாலும் சூடாவும், கூடினாலும் இழுக்காது. இந்த அம்மா எண்ணிக் கட்டியிருக்காங்க. விரல்ல ஈர மண் மட்டும் பட்டதுன்னு நிறுத்திட்டாங்க பாருங்க, அதுக்கு மேல ஒரு சுத்து சுத்தியிருந்தா கதை கெட்டுப்போயிருக்கும். புருஷன் உள்ள கீறான்னு நமக்கே தெரியுது. எதுக்கு எழுதணும்?"

முன் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது அப்படியே பின்னால் வரைக்கும் பரவியது. செயலாளர் பெல்லைக் கையில் எடுத்துவிட்டு அடிக்காமல் வைத்தார். ஐயா எழுந்து புத்தகத்தைப் பிரித்து, "நண்பரே, அதற்கு மேல் ஒரு முழுப் பக்கம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வாசித்தார்.

அவள் கதவைத் தள்ளுகிறாள். பூட்டியிருக்கிறது. படியில் உட்காருகிறாள். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரம்மா வந்து சாவியை நீட்டுகிறாள். "காலையிலயே குடுத்துட்டாரும்மா. பெட்டியத் தூக்கினு போனாரே, ஊருக்கா?" அதோடு கதை முடிகிறது. அவன் உள்ளே இல்லை. போய்விட்டான்.

"தாங்கள் கதையை முடிக்காமலே விமர்சனம் செய்துவிட்டீர்கள்" என்றார் ஐயா. மறுபடி சிரிப்பு. என்ன செய்வதென்று தெரியாமல், "இல்லைங்க ஐயா, என்கிட்ட இருக்கறதுல இவ்வளவுதான் இருக்கு" என்று சட்டைப் பையிலிருந்து கட்டை எடுத்துக் காட்டினேன்.

அதுதான் நான் செய்த பெரிய தப்பு. சிரிப்பு நின்றுவிட்டது.

"என்ன சார் இது?" என்றார் செயலாளர்.

"கதைங்க."

"புக்கைக் கிழிச்சிட்டீங்களா?" முன் வரிசையில் ஒரு அம்மா வாயில் கை வைத்தார். "அய்யோ, சரஸ்வதிங்க அது! எழுதினவங்க முன்னாடியே..."

"நன்றாகக் கிழித்திருக்கிறீர்கள்" என்றார் ஐயா. இரண்டு அர்த்தத்திலும் சொன்னார். அது எல்லாருக்கும் புரிந்தது.

நான் எழுத்தாளரைப் பார்த்தேன். அவர் எழுந்து வந்து கையை நீட்டினார். கட்டைக் கொடுத்தேன். வார்னிஷ் பட்ட கட்டைவிரல் ரேகை ஒவ்வொரு பக்கத்திலும் பழுப்பாக இருந்தது. சாவி வரும் இடமெல்லாம் பென்சிலால் கோடு. புரட்டிப் பார்த்தார்.

"இத எழுதறதுக்கு எனக்கு மூணு வருஷம் ஆச்சு சார்" என்றார். கோபமா வருத்தமா என்று சொல்லத் தெரியவில்லை. "இப்பிடிப் பாக்கறதுக்கு ஒரு மாதிரிதான் இருக்கு."

"பட்டறையில புஸ்தகம் வெச்சிக்க விடமாட்டாங்கம்மா. பாக்கெட்ல வெச்சாதான் படிக்க முடியும்" என்றேன். அப்புறம் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆனா ஒண்ணு சொல்றேன். அந்த வரியோட நின்னிருந்தா கதை இன்னும் நல்லா இருந்திருக்கும்."

கட்டை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் என்னை நேராகப் பார்த்தார். "இல்ல சார். அவன் போயிட்டான். நான் எழுதினது அதான்."

மகளே, அந்த இடத்தில்தான் நீ எழுந்து மாடிப்படிக்குப் போய் நின்றுகொண்டாய். உனக்கு அவமானமாக இருந்தது. அது தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். அந்த "இல்ல சார்" என் மனதில் உட்கார்ந்துவிட்டது. எத்தனையோ கதைகளோடு நான் மனதுக்குள்ளேயே சண்டை போட்டிருக்கிறேன். எந்த எழுத்தாளரும் எழுந்து வந்து, நீ நினைப்பது இல்லை என்று சொன்னதில்லை. ஐயா கொண்டாடும் எழுத்தாளர்கள் யாரும் இனி வந்து சொல்லப்போவதும் இல்லை. டியூட்டி முடித்து, சாப்பாட்டுப் பையோடு, நனைந்த செருப்போடு வந்த இந்த அம்மா சொன்னார். உயிரோடு இருக்கிறவர்கள் எழுதுவதை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே படிக்க வேண்டும் என்பது இதற்குத்தான். மாலை போட அல்ல, மல்லுக்கு நிற்க.

இரண்டு நாள் கழித்து வட்டத்தின் வாட்ஸப்பில் செயலாளர் போட்டிருந்தார்: 'அடுத்த கூட்டம் முதல், முழுப் புத்தகம் கையில் இல்லாத உறுப்பினர்களுக்குப் பேச அனுமதி இல்லை. புத்தகங்களைச் சேதப்படுத்த வேண்டாம்.' பெயர் போடவில்லை. கீழே பதினாலு பேர் கும்பிடும் கை போட்டிருந்தார்கள். நீதான் முதலில் பார்த்தாய். "பாத்தீங்களா, உங்களத்தான். விட்ருங்கப்பா, ப்ளீஸ்" என்றாய்.

அன்று சாயந்திரம், இன்னும் படிக்காமல் வைத்திருந்த அடுத்த கதைக் கட்டை எடுத்தேன். மேல் தாளின் முன்பக்கத்தைப் பார்த்தேன். இருந்தது. படித்தேன். ஐயா வாசித்தபோது சிரிப்புச் சத்தத்தில் எனக்குக் காதில் விழாத ஒரு வரி அதில் இருந்தது. வீட்டுக்காரம்மா நீட்டுகிற சாவி பளபளவென்று இருக்கிறது என்று எழுதியிருந்தார். வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. துடைத்து வைத்தவன் எப்படிப் போவான்?

"இன்னும் அதையேவா பாக்கறீங்க? குடுங்க, அப்படி என்னதான் கீதுன்னு நானும் பாக்கறேன்" என்று பிடுங்கிக்கொண்டு போனாய். என்னைக் கிண்டல் பண்ணுவதற்காகத்தான் அப்படிப் பேசினாய், தெரியும். காலேஜில் தமிழ்ப் புத்தகத்தைப் பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் திறக்கிறவள் நீ. இரண்டு கட்டையும் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாய். நான் உன்னைப் பார்க்காத மாதிரி பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, நீங்க தப்பு" என்றாய் வந்து.

"எப்படி?"

"சாவியத் தொடச்சு வெக்கறவன் சமாதானம் ஆகறவன் இல்லப்பா. ஒப்படைக்கப் போறவன். நாம அஸ்தினாபுரம் வீட்டக் காலி பண்றப்போ நீங்க என்ன பண்ணீங்க? சாவிய மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சு, பேப்பர்ல மடிச்சுத்தானே ஹவுஸ் ஓனர்கிட்ட குடுத்தீங்க? ஏழாம் நாளே அவன் முடிவு பண்ணிட்டான். அவளுக்குத்தான் தெரியல."

ஆமாம், துடைத்தேன். பேப்பரில் மடித்தேன். ஆறு வருஷம் இருந்த வீட்டை விட்டு வரும்போது, குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று அப்படிச் செய்தேன். அது எனக்குத் தோன்றவில்லை, மாடியில் ஐயாவுக்கும் தோன்றவில்லை. எல்லாரும் கடைசிப் பக்கத்தைப் படித்திருந்தார்கள், ஆனால் ஏழாம் நாளிலிருந்தே அவன் கிளம்பிக்கொண்டிருந்ததை ஒருவரும் சொல்லவில்லை. என் மகள் சொன்னாள், கிழித்த தாளிலிருந்து.

ஆனாலும் விட்டுக்கொடுத்தேனா? இல்லை. "அப்ப ஒப்படைக்கறவன் அவகிட்ட சொல்லிட்டுல்ல போவணும்?" என்றேன். "பேச்சே இல்லையே, எப்படிச் சொல்லுவான்?" என்றாய். குக்கர் ஐந்தாவது விசில் அடித்ததுகூடத் தெரியவில்லை. உங்கள் அம்மா வந்து, "யாரு வீட்டுச் சண்டைய யாரு போடறது?" என்று கேட்டபோதுதான் நிறுத்தினோம்.

அன்றைக்கே முடிவு பண்ணினேன், போவேன் என்று. பேசவும் பேசுவேன். இந்தப் பேச்சு அந்த மாடியில் நடந்திருக்க வேண்டிய பேச்சு. ஒரு பெல்லுக்கும் வாட்ஸப்புக்கும் பயந்து இதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியாது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வேறொருவர் தொகுப்பு. ஒன்பது கதை. அதையும் பிளேடு போட்டுப் பிரித்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு கட்டின் கடைசிப் பக்கத்தையும் மூன்று முறை பார்த்தேன். ஒன்பது கட்டையும் சட்டைப் பெட்டியில் அடுக்கி, மேலே அட்டையை ஒட்டினேன். கூடவே போன மாதத்துக் கதையையும் வைத்தேன், அந்தக் கடைசித் தாளோடு சேர்த்து. அன்றும் தூறல், ஸ்கூட்டியில் பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீ வண்டியை வேகமாக ஓட்டினாய்.

யார் பேசுகிறீர்கள் என்று செயலாளர் கேட்டபோது கை தூக்கினேன். அவர் நெற்றியைத் தடவினார். "ரூல் போட்டிருக்கோமே சார். முழுப் புக்கு இருக்கா?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் அவர் மேஜைமேல் வைத்துத் திறந்தேன். "முழுசா கீது சார். எண்ணிப் பாத்துக்குங்க. கடைசிப் பக்கம் எல்லாத்துலயும் கீது."

யாரோ சிரித்தார்கள். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்து இல்லை. செயலாளர் ஒரு கட்டை எடுத்துப் பார்த்தார், இன்னொன்றை எடுத்தார். ரூலில் 'முழு' என்றுதான் போட்டிருந்தார், 'ஒட்டின' என்று போடவில்லை. பேங்க்காரர், ரூலுக்கு மரியாதை கொடுக்கிறவர். "பத்து நிமிஷம்" என்றார்.

"சேதப்படுத்த வேண்டாம் என்றும் போட்டிருந்தீர்களே?" என்றார் ஐயா.

"ஐயா, உங்க புக்கு மடிப்புக் கலையாம கீது. என்னுது தேஞ்சு போயிருக்கு. எது படிச்ச புக்குன்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். ஆனால் சொன்னேன்.

"அடுத்தவர் கதைக்குப் போறதுக்கு முன்னாடி, போன மாசத்துக் கதையில எனக்கு ஒரு பாக்கி இருக்கு" என்று ஆரம்பித்தேன். கடைசிப் பக்கத்தை இப்போது படித்துவிட்டேன் என்று சொன்னேன். சாவியைத் துடைப்பது ஒப்படைக்கிறவன் வேலை என்று சொன்னேன். இதைக் கண்டுபிடித்தது நானில்லை, என் மகள் என்றும் சொன்னேன். முன் வரிசையில் அந்தச் சரஸ்வதி அம்மா பையிலிருந்து போன மாதப் புத்தகத்தை எடுத்து ஏழாம் நாளைத் தேட ஆரம்பித்தார். ஐயா கூடக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

அதோடு உட்கார்ந்திருந்தால் எல்லாருக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் எனக்குள் இருந்ததைச் சொல்லாமல் எப்படி உட்காருவது?

"இருந்தாலும் சொல்றேன். அவ விரல்ல மண்ணு பட்டதும், உள்ள இருக்கானா போயிட்டானான்னு தெரியாம நிக்கறா பாருங்க, அந்த ஒரு நிமிஷத்துலதான் கதையே இருக்கு. மீதிப் பக்கம் சேதி. எழுதினவங்களே வந்து இல்லைன்னு சொன்னாலும் நான் அங்கதான் நிப்பேன்."

பின்னாலிருந்து நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், கிளம்பிப் போயிருப்பாய் என்று நான் நினைத்த நீ, ரெயின்கோட்டைக் கழற்றாமலே எழுந்து நின்றுகொண்டிருக்கிறாய்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாய் செயலாளரிடம். "எங்கப்பா சொல்றது தப்பு."

மாடியே உன்னைத் திரும்பிப் பார்த்தது. செயலாளர் பெல்லை எடுக்கவே இல்லை. நான் உட்காரவில்லை. மைக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "எப்படித் தப்பு? சொல்லு" என்றேன்.